ஏழாம் நம்பர் மைக்

இது நடந்தது. ஆவடி ஜாபஸைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அவனுக்கு இட்டுக்கட்டிப் பேசவே வராது. ஒரு கேள்வி கேட்டால் பாதி பதில் சொல்வான், மீதியை மென்று முழுங்கிவிடுவான். அப்படிப்பட்டவன் இந்த ஒரு விஷயத்தை என்னிடம் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் மணியும் நிமிடமும் இம்மி பிசகவில்லை. மூன்றாம் தடவை நான்தான் போதும் என்று நிறுத்தினேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வீட்டில் தனியாக இருந்தால் மட்டும் பகலில் படித்துக்கொள்ளுங்கள்.

மேடைக் கச்சேரிகளுக்கு சவுண்டு பார்ப்பது ஜாபஸின் தொழில். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் மைக் வைத்துக் கற்றுக்கொண்டவன். ஒன்பது வருஷமாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்தக் கச்சேரி என்றாலும், கூட்டத்துக்கு நடுவே, சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அநேகமாக அவன்தான்.

இந்தத் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு பழக்கம் உண்டு. பெரிய பாடகர் மேடை ஏறுகிற வரைக்கும் கூட்டம் கலையாமல் இருக்க, உள்ளூர் ஆள் ஒருவரைப் பாட விடுவார்கள். அவர் பாடும்போது சவுண்டை அமுக்கி வைக்க வேண்டும். பெரியவர் வந்ததும் முழுசாகத் திறந்துவிட வேண்டும். ஜனத்துக்குக் காரணம் தெரியாது. ‘என்ன இருந்தாலும் ஸ்டார் ஸ்டார்தான்யா’ என்று சொல்லும். முன்னால் பாடியவரும், இன்றைக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஜாபஸுக்குப் பாவமாகத்தான் இருக்கும். விரல் மட்டும் சொன்னபடி இறங்கிவிடும்.

அன்று பொங்கல் முடிந்த சனிக்கிழமை. திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக மனை பிரித்திருந்தார்கள். கல் நட்டு, கொடி கட்டி, வேன் விட்டு ஆட்களைக் கூட்டி வந்து, பிரியாணி போட்டு, கூடவே ஒரு கச்சேரி. ஸ்டார், பாடகர் கிஷோர். டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்து மேலே வந்தவர். கொஞ்ச நாளாக அவருக்கு நேரம் சரியில்லை. கடைசி மூன்று கச்சேரியிலும் அவருக்கு முன்னால் பாடியவர்களே கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வீடியோதான் ஃபோனுக்கு ஃபோன் சுற்றியது. மெயின் ஆளை வீட்டுக்கு அனுப்புங்கப்பா என்று அதற்குக் கீழே கிண்டல் வேறு.

மாலை 4:30. கிஷோரின் மேனேஜர் வரதன் மிக்ஸர் பக்கம் வந்து குனிந்தார்.

“இன்னா நைனா, இன்னிக்கு எல்லாம் உன் கைலதான் கீது. முதல்ல பாடுற பொண்ணு சவுண்டு எந்திரிக்கவே கூடாது. புரிஞ்சுதா?”

“புரியுதுண்ணே.”

“மலேசியால பதினாறு ஷோ. நாளைக்குக் காலைல டீம் லிஸ்ட் அனுப்பணும். சவுண்டுக்கு உன் பேரைப் போட்டு வெச்சிகீறேன். கெடுத்துக்காத.”

ஜாபஸ் பாஸ்போர்ட் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. மலேசியாப் பேச்சு அடிபடுவதைக் கேட்டு, அன்று காலை அவன் மனைவி ரோஸி அதைத் துடைத்து, பீரோவின் மேல்தட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருந்தாள். அவ்வளவு ஆசை. இந்த ஒரு சாயங்காலத்தைச் சரியாகக் கடத்திவிட்டால் போதும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

5:20. மேடையில் யாரும் இல்லை. மிக்ஸரில் ஏழாம் நம்பர் மைக்கின் பச்சை விளக்கு மினுக்கியது. யாராவது மைக் பக்கத்தில் பேசினால் மட்டும் எரிகிற விளக்கு அது. காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டான். பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஏழாம் நம்பர் மைக்கை அவன் இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தான். மேடையில் வயர் மட்டும் கிடந்தது. முனையில் ஒன்றுமில்லை. வயரை மாற்றினான். திரும்பி வந்து ஹெட்ஃபோனைக் காதில் வைத்தான். மூச்சு விடுகிற சத்தம். ஓடி வந்து நின்றவர் விடுகிற மூச்சு. ஐந்தாறு முறை கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

6:45க்கு முதலில் பாட வேண்டிய பெண் வந்தாள். பெயர் ஷர்மிளா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடித்து நேராக ரயில் ஏறி வந்தவள், முகம் மட்டும் கழுவியிருந்தாள். மேடைக்குப் போகுமுன் அவனிடம் வந்தாள்.

“அண்ணா, கொஞ்சம் நல்லா சவுண்டு குடுங்கண்ணா. எங்க ஊட்ல எல்லாரும் வந்துகீறாங்க. முதல் தடவ பெரிய மேடை.”

அவன் தலையை ஆட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழாம் நம்பர் மைக்கை அவளுக்குக் கொடுத்தான்.

7:05. ஷர்மிளா பாட ஆரம்பித்தாள். எல்லாருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டு. ஜாபஸ் சவுண்டைக் கால்வாசியில் வைத்திருந்தான். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. ஜனம் பிரியாணித் தட்டோடு பேசிக்கொண்டிருந்தது. வரதன் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினார். முதல் பாட்டு முடிந்தது. யாரோ ரெண்டு பேர் தட்டினார்கள்.

7:14. ரெண்டாவது பாட்டின் நடுவில்… குரல் எழும்பியது.

கூட்டத்தில் பேச்சு அடங்கியது. கடைசி வரிசைக்கும் பின்னால், ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. ஜாபஸ் மிக்ஸரைப் பார்த்தான். சவுண்டு அதே கால்வாசியில்தான் இருந்தது.

இன்னும் இறக்கினான்.

குரல் குறையவில்லை.

அடிமட்டம் வரை இழுத்தான். கடைசியில் மைக்கையே அடைக்கிற பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அடைத்தாகிவிட்டது. இனி அந்த மைக்கில் கத்தினாலும் ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்புகூட வரக்கூடாது.

குரல் வந்தது. இப்போது அதில் ரெண்டு பேர் பாடுவது தெரிந்தது.

ஜனம் எழுந்து நின்றது. நூற்றுக்கணக்கான ஃபோன்கள் மேலே போயின. வரதன் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“இன்னாடா பண்ற நீ?”

ஜாபஸ் சிவப்பு விளக்கைக் காட்டினான். ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தான்.

அதில் பாட்டே இல்லை.

மூச்சு மட்டும்…

பிறகு ஒரு இளம் பெண்ணின் குரல். ரொம்ப மரியாதையாக.

“அண்ணா… மைக்கு ஷாக் அடிக்குதுண்ணா.”

அவன் மேடையைப் பார்த்தான். ஷர்மிளா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பேசவில்லை.

“அண்ணா… கை இழுக்குதுண்ணா.”

மெயின் சுவிட்ச் பெட்டி அவன் காலடியில்தான் இருந்தது. கச்சேரி நடுவே அதை அணைப்பவனுக்கு அதோடு தொழிலே போய்விடும். வரதனின் கை அவன் தோளில் இருந்தது. அவன் பாஸ்போர்ட்டை நினைத்தான். இதை அவன் என்னிடம் ஒளிக்கவில்லை.

“அண்ணா…”

உட்கார்ந்தே இருந்தான்.

“அண்ணா…”

குனிந்து சுவிட்சை இறக்கினான்.

7:19.

மைதானம் முழுக்க இருட்டு. மிக்ஸரில் ஒரு விளக்கு இல்லை. ஸ்பீக்கர் செத்துப்போனது.

பாட்டு நிற்கவில்லை.

நாலு வரி. கரண்ட் இல்லாத அந்த இருட்டில், நாலு வரி முழுசாக. ஒரே குரல். ஏரி வரைக்கும் போய்த் திரும்பியது.

அப்புறம் நின்றது.

பிறகு பிடித்தார்களே ஒரு கைத்தட்டல்! ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை ஜாபஸ் கேட்டதில்லை.

எலக்ட்ரீஷியன் தசரதன் டெஸ்டரோடு ஓடி வந்தார். மைக், வயர், எர்த் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். “ஒரு கோளாறும் இல்லப்பா. எதுக்கு ஆஃப் பண்ண?” என்றார்.

எட்டு மணிக்குக் கிஷோர் மேடை ஏறினார். சவுண்டு முழுசாகத் திறந்திருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, மனிதர் நன்றாகத்தான் பாடினார். ஆனால் ஜனம் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. 8:40க்குப் பாதி நாற்காலி காலி. அரை மணி முன்னாடியே முடித்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். வரதன் வந்து ஒரே வரி சொன்னார்.

“உன் பேரை அடிச்சிட்டேன்.”

9:30. ஜாபஸ் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஷர்மிளா ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“ரொம்ப தேங்க்ஸ்ண்ணா. யாருமே இப்டி சவுண்டு குடுத்தது இல்ல.”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. “நீ பாடும்போது ஷாக் அடிக்குதுன்னு சொன்னியாம்மா?”

அவள் முகம் மாறியது. “உங்களுக்கும் கேட்டுச்சா?”

அவன் வயரைக் கீழே வைத்தான்.

“மேடைல எனக்கு முன்னாடி இருந்த சின்ன ஸ்பீக்கர்ல வந்துச்சுண்ணா. எவா குரல். பயந்து கண்ண மூடிக்கினேன். அப்புறம்… கரண்ட் போனதும் நான் நிறுத்திட்டேன்ணா. அந்த நாலு வரி நான் பாடல.”

எவா என்றால் எவாஞ்சலின். சென்னீர்குப்பத்துப் பெண், ஷர்மிளாவோடு கம்பெனியில் பக்கத்து மிஷின். இருபத்திரண்டு வயது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் இதே கிஷோருக்கு முன்னால் பாடினாள். பாடி முடித்து நடந்துதான் இறங்கி வந்தாள். வீட்டுக்குப் போனதும், கை மரத்துப்போச்சு என்று ஷர்மிளாவுக்கு ஃபோன் பண்ணினாள். மைக் ஷாக் அடித்தது, சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்றாள். படுத்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் என்று சொல்லிவிட்டார்கள். ஷாக்கையும் சாவையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஷர்மிளா சொல்லிக்கொண்டே போனாள். அந்த மண்டபத்தில் சவுண்டு பார்த்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. ஜாபஸ் சொல்லவும் இல்லை.

அன்றைக்கும் வரதன் சொல்லித்தான் மைக்கை அமுக்கி வைத்திருந்தான். அது அவனுக்கு நினைவிருந்தது. ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லையே, விழுந்திருந்தால் விட்டிருப்பேனா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினான். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் விடிகிற வரை கிடந்தான்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்தவன் சாப்பிடாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தான். மேடையில் இருக்கிற ஒவ்வொரு மைக்கும் அதில் தனித்தனியாகப் பதிவாகும். ஸ்பீக்கரில் அமுக்கினாலும் பதிவிலும் ஹெட்ஃபோனிலும் முழுசாக விழும். மணி 12:30. நல்ல வெயில். பக்கத்து அறையில் ரோஸி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் 17, மண்டபம், ஏழாம் நம்பர்.

எவாஞ்சலின் பாடுகிறாள். நல்ல குரல். ஒன்பதாவது நிமிடத்தில் பாட்டு நிற்கிறது. மூச்சு வாங்குகிறது.

“அண்ணா… மைக்கு ஷாக் அடிக்குதுண்ணா.”

“அண்ணா… கை இழுக்குதுண்ணா.”

“அண்ணா…”

“அண்ணா…”

நேற்றுக் கேட்ட அதே இடைவெளி.

அதற்குப் பிறகு ஒரு ஆண் குரல். மிக்ஸரிலிருந்து பேசினால் மேடையில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். அது அவள் மைக்கில் பதிவாகியிருந்தது. அலுப்பான குரல். அவனுடைய குரல்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா பாடு. டைம் ஆவுது.”

ஒரு மூச்சு இழுக்கிற சத்தம்.

“சரிண்ணா” என்றாள் அவள். கடைசி வரி வரைக்கும் பாடினாள்.