வால்மீன் ஆண்டின் கடைசி வரி

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் மடத்தில் உலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு வரிதான். ஈஸ்டர் எந்த நாளில் வரும் என்று கணித்து வைத்த கன்றுத்தோல் ஏட்டின் ஓரத்தில், விரலகல இடத்துக்குள், மடத்து எழுத்தரான கொல்கு சாமி அந்த ஆண்டு நடந்ததையெல்லாம் எழுதி முடிப்பார். அரசரானாலும் திருச்சபை ஆயரானாலும் செத்தால்தான் அந்த வரிக்குள் இடம். பிறந்தவர்களைப் பற்றி அவர் எழுதியதே இல்லை. போகப்போகத் தெரியும் என்பார்.

மடத்துக்கு வெண்ணெய் தருபவள் ரோனாத், கைம்பெண். அவளுடைய ஒரே மகன் எர்னான் துடுப்பில்லாத தோல்படகில் கடலுக்குப் போனவன். கடவுள் எந்தப் பக்கம் ஊதுகிறாரோ அந்தப் பக்கம் போவது எங்கள் ஊர்ப் பக்தி. ரோனாத்துக்கும் பக்தி உண்டு. இருந்தாலும் படகின் அடியில் ஒரு துடுப்பை ஒளித்து வைத்தாள். அவன் அதைக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே மணலில் எறிந்துவிட்டுப் போனான். அதை வெட்டித்தான் அவள் மத்து செய்துகொண்டாள்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வெண்ணெயோடு எழுத்தறை வாசலில் வந்து நிற்பாள். நான் உள்ளே மை காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

"இந்த வருசம் எம்புள்ள அதுல இருக்கானா சாமி?"

"இல்ல ரோனாத்."

"அப்ப உசுரோடதான் இருக்கான்."

மாடு மேய்ப்பவளின் மகன் நூறு முறை செத்தாலும் அந்த ஏட்டில் ஏறமாட்டான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது துறவிகளின் நேர்மை.

பிறகு வால்மீன் தெரிந்த ஆண்டு வந்தது. கிழக்கே ஏதோ ஒரு நகரம் நிலநடுக்கத்தில் விழுந்தது என்றார்கள். தெற்கே இரண்டு அரசர்கள் ஒரே போரில் செத்தார்கள். இருவருமே வென்றதாகக் கேள்வி. மடங்களைச் சூறையாடும் வடகடல் முரடர்களின் கப்பல்கள் வந்தன. மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்தது. காட்டில் கொட்டைகள் மட்டும் கொள்ளை கொள்ளையாக விளைந்தன.

இலையுதிர்காலத்தில் திராட்சைமது கொண்டுவந்த மாலுமி ஒருவன் விருந்தினர் குடிலில் சொன்னான்: "வடக்க ஒரு தீவுல எர்னான்னு ஒருத்தன் காய்ச்சல்ல போயிட்டான். கடைசிவரைக்கும் ரோனாத் மகன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். நாங்கதான் புதைச்சோம்."

அவளிடம் மடத்துத் தலைவர் சொல்லியிருப்பார் என்று கொல்கு நினைத்தார். கொல்கு சொல்லியிருப்பார் என்று தலைவர் நினைத்தார். அன்று இரண்டு பேருமே நன்றாகச் சாப்பிட்டார்கள்.

கொல்கு மனமிரங்கி, வாழ்நாளில் முதன்முறையாக விதியை மீறினார். இரண்டு அரசர்களுக்குப் பிறகு, கொட்டை விளைச்சலைக் கூட விட்டுவிட்டு, 'கடற்பயணி எர்னான், ரோனாத் மகன்' என்று எழுதினார். ஓர் இடைச்சிக்கு இதைவிடப் பெரிய மரியாதை எங்கள் நாட்டில் கிடையாது.

ஈஸ்டருக்கு அவள் வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே அவர் முகமெல்லாம் மலர்ந்து, "இருக்கான் ரோனாத். ராசாக்களுக்குப் பக்கத்துல எழுதிருக்கேன்," என்றார்.

வெண்ணெய்ச் சட்டி அவள் கையிலேயே இருந்தது.

"எது சாமி அவன் பேரு?"

காட்டினார். அவள் தொடவில்லை.

"உனக்குத் தெரியாதா? தலைவர் வந்து சொல்லலியா?"

"யாரும் வரல." சட்டியைத் தரையில் வைத்தாள். "கடைசி மாடும் போன வாரம் போச்சுங்க. இருந்தது இவன் மட்டுந்தான். சுரண்டிருங்க சாமி."

"என்னம்மா சொல்ற? இது எவ்ளோ பெரிய..."

"பெருமைய நீங்களே வச்சுக்குங்க. உங்ககிட்டதான் கத்தி இருக்குல்ல. சுரண்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மைச்சட்டியைப் பார்த்தேன். பிறகு கத்தியை எடுத்துச் சுரண்டினார். தோல்தூள் பறந்து அவர் மடியில் விழுந்தது. சுரண்டிய இடம் வெறுமையாக இருக்கக் கூடாதே. 'கொட்டை மிகுதியாக விளைந்தது' என்று எழுதினார். அவள் அருகிலேயே நின்று, மை காய்ந்த பிறகுதான் போனாள்.

அடுத்த ஈஸ்டருக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். மடத்திலிருந்து கொடுத்த ஒற்றைப் பசுவின் வெண்ணெய், உள்ளங்கையளவு. அதே வாசல்.

"இந்த வருசம் எம்புள்ள அதுல இருக்கானா சாமி?"

கொல்கு ஏட்டைத் திறக்கவில்லை.

"இல்ல ரோனாத்."

"அப்ப சரி," என்று வெண்ணெயை வைத்துவிட்டுப் போனாள். சாகும்வரை அப்படித்தான் வந்தாள். அவள் செத்த ஆண்டின் வரியில் ஓர் ஆயர் இருக்கிறார், ஒரு பெருங்காற்று இருக்கிறது.