இது ரேடியோ இல்லை

லெஸ்லி தன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் ஞானஸ்நானத்தில் சொன்னதும் இல்லை, கல்யாணத்தில் சொன்னதும் இல்லை. "இது ரேடியோ இல்லைங்க" என்பதுதான். எழுபத்தேழு, எழுபத்தெட்டு ஆகிய இரண்டு வருஷங்களில் மட்டும் அதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்பது ஆண்டவருக்கும் ஐவிக்கும்தான் தெரியும். ஐவி அவருடைய மனைவி. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆண்டவர் பொறுத்துக்கொண்ட அளவுக்கு அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குன்னூருக்குக் கீழே, மேகம் கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஓர் எஸ்டேட். அதன் ஃபாக்டரிக்கு லெஸ்லி எலக்ட்ரீஷியன். மோட்டார் ஓடுகிற வரைக்கும் அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் நினைவு வராது. நின்றால் மானேஜர் பங்களா வரைக்கும் அவர் பெயர் கேட்கும். மற்றபடி நல்ல மனுஷன். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். "அதையாவது செஞ்சிருக்கலாம்" என்று ஐவி சொல்வதுண்டு.

எல்லாம் இருபது வயதில் ஆரம்பித்தது. வெலிங்டன் பக்கம் ஒரு கிளப்பில் டான்ஸ் நடக்கும்போது ஃப்யூஸ் போய்விட்டது. போட வந்தவருக்கு எடுபிடியாக லெஸ்லியும் போனார். கரண்ட் வந்தது, பின்னாலேயே கிடார் வந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு தடிமன் இருந்தது. உருக்கும்போது ஓரம் லேசாகக் கருகிவிட்ட நெய்யின் வாசனையைக் காதால் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. எல்லாரும் வாசித்தவனைப் பார்த்தார்கள். லெஸ்லி மட்டும் அவன் பக்கத்திலிருந்த பெட்டியின் முதுகுப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். உள்ளே ஐந்து வால்வுகள் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், இந்த மாதிரி ஒன்றைத் தன் கையால் செய்வதென்று. முடிவுக்கும் செயலுக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷம் போனது வேறு கதை. அதில் கல்யாணமும் அடக்கம்.

கல்யாணத்துக்கு ஐவியின் அப்பா ஒரு வால்வு ரேடியோ கொடுத்திருந்தார். சாயந்திரமானால் அதில் சிலோன் ஸ்டேஷன் பாடும், ஐவியும் கூடப் பாடிக்கொண்டே நோட்டுத் திருத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லெஸ்லி, "கொஞ்சம் கொரகொரங்குது, பார்க்கட்டுமா?" என்று கேட்டார். பார்த்தார். ரேடியோவின் வயிற்றிலிருந்து வால்வுகள், பவர் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வெளியே வந்தன. திரும்ப உள்ளே போகவில்லை.

பெட்டிக்கு டீப்பெட்டிப் பலகை. ஃபாக்டரியில் உடைந்து கிடந்ததை எடுத்து அறுத்தார். அதன் நெற்றியில் தூளின் ரகமும் எடையும் அச்சடித்திருந்தது அப்படியே நின்றுவிட்டது. ஸ்பீக்கர் ஒரு பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் வேண்டிய இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரை அவரே சுற்றினார். கம்பியை ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் தட்டுவார்கள்.

"ரேடியோங்களா?"

"ரேடியோ இல்லைங்க."

"மைக் செட்டா?"

"மைக் செட்டும் இல்லைங்க. கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர்."

"ஓகோ. சிலோன் எடுக்குமுங்களா?"

இதற்குள் எண்ணிக்கை மறந்துபோகும். அவிழ்த்து, முதலிலிருந்து சுற்றுவார்.

சுற்றி முடித்ததும் மலைக்காற்று தன் வேலையைக் காட்டியது. மேகத்தின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள்ளேயே பொரிந்தது. வெயிலில் வைக்கலாமென்றால் வெயில் அந்த மாதம் லீவில் இருந்தது. இலையையே காயவைக்கிற ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு ஈரத்துக்கு அழுவானேன் என்று லெஸ்லிக்குத் தோன்றியது. புதுசாக இன்னொன்று சுற்றி, வார்னிஷில் முக்கி, டிரையரின் வாய்க்குள் கொண்டுபோய் வைத்தார். டிரையருக்குப் பொறுப்பு ஆறுக்குட்டி.

"என்னங்க லெஸ்லி, பன்னு சுடறீங்களா?"

"டிரான்ஸ்ஃபார்மருங்க. ஈரம் போகோணும்."

"ரேடியோவுக்குங்களா?"

"ரேடியோ இல்லைன்னு எத்தனை தடவைங்க சொல்றது!"

"செரி, செரி, கோவிச்சுக்காதீங்க. சிலோன் எடுத்தா மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகக் காய்ந்தது. கூடவே அன்றைய தூள் முழுக்க வார்னிஷ் வாசனையும் ஏறியது. மானேஜர் ருசி பார்க்க ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "யார்யா தேயிலைக்கு பீரோ பாலிஷ் போட்டது?" என்று கேட்டாராம். ஆறுக்குட்டி வாயைத் திறக்கவில்லை. அந்த விசுவாசத்துக்குப் பதிலாக, பெட்டி முடிந்ததும் முதலில் தனக்குத்தான் சிலோன் வைத்துக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு ஐவி கெடு வைத்தார்.

"ஏனுங்க, அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் மூணு வாரம். அன்னிக்குக் கோயில்ல இந்தப் பெட்டியிலே கிடார் ஒழுங்காக் கேக்கோணும். கேக்கலைன்னா வால்வெல்லாம் என் ரேடியோவுக்குள்ள திரும்பிப் போயிரோணும். அப்புறம் நீங்க ஸ்குரூ டிரைவரைத் தொட்டா நான் எங்கப்பா ஊட்டுக்குப் போயிருவேன்."

"கேக்கும்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க."

கிடாருக்கு ஆள் கருணாகரன். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், தேவர்சோலைப் பக்கத்து மலையாளி. லெஸ்லிக்கு இந்த மலையில் இருந்த ஒரே ஆறுதல். ஏனென்றால் அந்த மனுஷன் ஒருநாளும் சிலோனைப் பற்றிக் கேட்டதில்லை. "சேட்டா, சாதனம் ரெடியாயோ?" என்று மட்டும் கேட்பார்.

பண்டிகையன்று காலை கோயில் நிறைய முட்டைக்கோசும் கேரட்டும் பூசணியும். வெளியே ஏலத்துக்காகக் கோழிகள் காத்திருந்தன. கோயிலுக்கு வராதவர்களும் ஏலத்துக்கு வந்திருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் டீப்பெட்டி. வால்வுகள் சிவந்தன. கருணாகரன் ஒரு தந்தியைத் தட்டினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கிளப்பில் கேட்ட அதே தடிமன், அதே கருகல். லெஸ்லி ஐவியைத் திரும்பிப் பார்த்தார். ஐவி வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினார். கீர்த்தனை முடிந்தது, கருணாகரன் தந்திகளைக் கையால் பொத்தினார், போதகர் ஜெபிக்க எழுந்தார்.

"பரம பிதாவே, எங்கள் விண்ணப்பங்களுக்குச் செவிகொடுத்துப் பதில் தாரும்."

பெட்டி பதில் தந்தது.

"அடுத்து, நேயர் விருப்பம்."

கணீரென்ற பெண்குரல். போதகர் கண்ணைத் திறக்காமல் ஜெபத்தைத் தொடர்ந்தார். பெட்டியும் தொடர்ந்தது. "எங்கள் பாவங்களை" என்று இவர் சொல்ல, "விரும்பிக் கேட்டவர்கள்" என்று அது சொல்லி, ஒரு நீளமான குடும்பத்தின் பெயர்களை வாசித்தது. வாசலில் கோழியோடு நின்றிருந்த ஆறுக்குட்டி, கோயில் என்பதையும் மறந்து கத்தினார்:

"எடுத்திருச்சுங்க லெஸ்லி! சிலோன் எடுத்திருச்சு!"

நடந்தது இவ்வளவுதான். கிடாரின் நீள வயர் ஏரியலாகி, ஆகாயத்தில் சும்மா போய்க்கொண்டிருந்த சிலோனைப் பிடித்துக்கொண்டுவந்து முதல் வால்வுக்குள் விட்டுவிட்டது. ரேடியோ செய்கிறவன் தலைகீழாக நின்றாலும் இவ்வளவு சுலபத்தில் ஸ்டேஷன் கிடைக்காது. ரேடியோ இல்லை என்று சத்தியம் பண்ணியவனுக்கு இலவசமாகக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஐவி தீர்ப்பைச் சொன்னார். "கிடாரும் கேட்டுச்சு, ரேடியோவும் வந்திருச்சு. எனக்கு ஒரு ஸ்டேஷன் போதும். இப்படியே இருக்கட்டும்."

"ஐவி, அது ரேடியோ இல்லை! அது கோளாறு!"

"கோளாறு நல்லாத்தான் பாடுது."

"எனக்கு ஒரு வாரம் குடு. அந்தச் சத்தத்தை வெளியே தள்ளிக் காட்டறேன். தள்ள முடியலைன்னா நீயே வெச்சுக்கோ."

அந்த வாரம் பூராவும் வீடு கோயிலைவிட நிறைந்திருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்குத் தொழிலாளர் லைன் வீட்டு ஜனம் வந்து வாசலில் குந்தும். லெஸ்லி பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயர்களைத் தடவிக்கொண்டிருப்பார். யாராவது, "கொஞ்சம் தலையை ஒதுக்குங்க, பாட்டு மறைக்குது" என்பார்கள்.

இவர்களில் வீரம்மா மட்டும் வேறு தினுசு. நாலு வருஷத்துக்கு முன் சிலோனிலிருந்து வந்து, பக்கத்து அரசாங்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். சிலோனில் செத்தவர்களின் பெயரைச் சொல்கிற மரண அறிவித்தல் வாசிக்கும் வரைக்கும் அசைய மாட்டாள். வாசித்து முடிந்ததும், பாட்டு ஆரம்பிக்கும்போது, எழுந்து போய்விடுவாள். நல்ல பாட்டு வரும்போது எழுந்து போகிற ஜென்மம் என்று ஐவி கூட வியந்தார்.

ஆறாம் நாள் லெஸ்லி ஜெயித்தார். முதல் வால்வின் வாசலிலேயே ஒரு சின்ன ரெசிஸ்டரை ஈயம் வைத்து நிறுத்தினார், காவல்காரன் மாதிரி. வயருக்கு டீப்பெட்டியின் உள்பக்கம் ஒட்டுகிற வெள்ளித்தாளில் சட்டை போட்டு, சட்டையை எர்த்தில் கட்டினார். சிலோன் போயே போய்விட்டது. கருணாகரன் வந்து ஒரு மணி நேரம் வாசித்தார். கிடார், கிடார் மட்டும். லெஸ்லி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் அது.

மணி ஆறானது. ஜனம் வந்தது, கேட்டது, முணுமுணுத்தது.

"ஏனுங்க லெஸ்லி," என்றார் ஆறுக்குட்டி கவலையோடு, "ரேடியோ ரிப்பேராயிருச்சுங்களா?"

"இப்பத்தாங்க சரியாச்சு!"

"நல்லா இருந்ததைக் கையை வெச்சுக் கெடுத்துட்டீங்களே."

ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். துக்கம் கேட்டுவிட்டுப் போகிற மாதிரி ஐவியிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். வீரம்மா மட்டும் கூடையைவிட்டு எழவில்லை.

"ஐயா, அந்தச் சாவுச் செய்தி மட்டும் வராதாங்க? பாட்டெல்லாம் வேணாம்."

"வராதும்மா. பாட்டு வராதுன்னா அதுவும் வராது. எதுக்கு அது உனக்கு?"

"எந்தங்கச்சி மரகதம் பதுளைப் பக்கம் தோட்டத்துல இருக்குதுங்க. எங்களுக்கு இங்கிட்டுத் திரும்பச் சொல்லி சர்க்கார் லிஸ்டுல பேர் வந்துச்சு, அதுக்கு வரல. கடுதாசி போட்டா ரெண்டு மாசமாவும், மூணு மாசமாவும். சாவுன்னா ரேடியோவுல சொல்லிருவாங்கல்ல? பேரைச் சொல்லலைன்னா இருக்குதுன்னு அர்த்தம். இந்த ஒரு வாரமா நிம்மதியாத் தூங்குனேன்."

வீட்டார் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அங்கே வாசிப்பார்கள், தோட்டத்து லயத்தில் சாகிற எல்லாருடைய பெயரையும் வாசிக்க மாட்டார்கள் என்று லெஸ்லிக்குத் தெரியும். மின்சாரம் சம்பந்தமில்லாத விஷயத்திலும் உண்மையைச் சொல்லித் திருத்துவது அவர் சுபாவம். வாயைத் திறந்தார். ஐவி அவர் காலை மிதித்தார். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் சாயந்திரம் ஃபாக்டரியிலிருந்து வரும்போது லெஸ்லியின் சட்டைப் பையில் ஒரு பழைய சுவிட்சு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தான் ஆறு நாள் பாடுபட்டு அடைத்த ஓட்டையை, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடுகிற மாதிரி வயரிங் செய்தார். ஒரு பக்கம் தள்ளினால் காவல்காரன் நிற்பான். மறுபக்கம் தள்ளினால் அவனைத் தாண்டி சிலோன் உள்ளே வரும். கையெழுத்து அழகு என்பதால் மேலே சீட்டு எழுதி ஒட்ட ஐவியைக் கூப்பிட்டார்.

"இந்தப் பக்கம் கிடார், அந்தப் பக்கம் ரேடியோன்னு எழுதட்டுங்களா?"

"ரேடியோன்னு எழுதினா ஊட்டை விட்டுப் போறது நீ இல்லை, நான்."

"பின்னே என்னன்னுதான் எழுத?"

"இந்தப் பக்கம் சரி. அந்தப் பக்கம் தப்பு."

ஐவி டீச்சர் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக எழுதி ஒட்டினார்.

ஆறு மணிக்கு வீரம்மா வந்தாள். சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "த... ப்... பு." முகம் மலர்ந்துவிட்டது. "அட, தப்பா! எங்க தோட்டத்துல விடியக்காலையில தப்பு அடிச்சு எழுப்புவாங்கய்யா. அந்த மோளம் கேட்டுத்தான் பெரட்டுக் களத்துல போய் வேலைக்கு நிப்போம். பொருத்தமாப் பேரு வச்சிருக்கீங்க."

"அந்தத் தப்பு இல்லைம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்த லெஸ்லி, ஐவியின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு லைன் வீடுகளில் பெட்டிக்கு அதுவே பெயராகிவிட்டது. "தப்பு போட்டாச்சா?", "லெஸ்லி ஊட்டுத் தப்பு இன்னிக்குத் தெளிவாக் கேக்குது" என்று கேட்டுக்கேட்டு அவருக்கு ஃபாக்டரி இரைச்சலே தேவலை என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருணாகரனுக்கு. மற்ற நாளெல்லாம் ஆறு மணிக்குத் தப்பு.

இப்படி ஒரு சாயந்திரம். பெயர்கள் வாசிக்கப்பட்டன. வீரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூடையின் விளிம்பை இறுக்கிக்கொண்டு கேட்டாள். பெட்டிக்குப் பின்னால் நின்ற லெஸ்லியும், தான் கேட்கவில்லை என்ற முகத்தோடு, ஒவ்வொரு பெயராகக் கேட்டார். கடைசிப் பெயரும் முடிந்தது.

"இன்னைக்கும் இல்லைங்க," என்று வீரம்மா எழுந்து கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க இனி சரியைப் போட்டுக்கங்கய்யா."

லெஸ்லி சுவிட்சைத் தள்ளினார். வீடு அமைதியானது.

"ஏனுங்க!" என்று அடுப்படியிலிருந்து ஐவியின் குரல் வந்தது. "பாட்டு வர்ற நேரத்துல ரேடியோவை எதுக்குங்க அமத்துனீங்க?"