பியூன் அண்ணன் தண்ணீர் குடிக்காத நாள்

எங்கள் வீட்டு அடுக்களையில் எண்ணெய் ஊற்றுகிற புனலுக்கு ஒரு கைப்பிடி உண்டு. கம்பியை வளைத்து, இரண்டு பக்கமும் ஈயம் வைத்து ஒட்டியது. ஓர் ஆண்பிள்ளையின் கை தாராளமாக நுழையும். புனலுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கைப்பிடி என்று கல்யாணமாகி வந்த புதிதில் என் மருமகள் சிரித்தாள். தகரம் கறுத்துவிட்டது. அகன்ற வாயை அம்மா கத்தரித்துச் சின்னதாக்கிவிட்டாள். ஆனால் அது புனலாகப் பிறந்த பொருள் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் அரசாங்கம் தமிழில் பேசியது அந்தத் தகரக் குழல் வழியாகத்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். சாலைக்குக் கல் போடுகிற கூலிகளின் லயத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், பக்கத்து அறையில் பெரியம்மாவும் பெரியப்பாவும். லயத்துக்குப் பின்னால் செட்டிக் கம்பம், மலாக்காச் செட்டிகளின் கிராமம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து மலாக்காவோடு கலந்துபோனவர்கள் அவர்கள். நெற்றியில் திருநீறு இருக்கும், வாசலில் மாவிலை தொங்கும், பேச்சு மட்டும் மலாய். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த செட்டி வீட்டு அக்கா எங்கள் அம்மாவோடு பேசுவது கையாலும் கண்ணாலும்தான். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

போதாமல் போனது அரசாங்கத்தோடுதான். வெள்ளைக்காரன் ஓடிப்போனபின் அரிசியும் உப்பும் பங்கீட்டில் வந்தன. எந்தக் கிழமை, எந்த இடம், யாருக்கு என்பதையெல்லாம் ஒருவன் சைக்கிளில் வந்து மலாயில் கத்திவிட்டுப் போவான். பலகையில் ஒட்டுவது ஜப்பான் எழுத்து. அம்மாவின் மலாய் மீன்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். ஒருமுறை உப்பு கொடுக்கிறார்கள் என்பதே எங்கள் லயத்துக்குத் தெரியவில்லை. செட்டி வீட்டு அக்கா உப்புப் பையோடு திரும்புவதைப் பார்த்துவிட்டு அம்மா தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாக்கை உதறிக்கொண்டிருந்தார்களாம். அந்த மாதம் முழுக்க மரவள்ளிக்கிழங்கை உப்பில்லாமல் தின்றோம். வாயில் வைத்தால் குமட்டும். காலரா ஊசி போட வந்தபோதும் அப்படித்தான். எதற்கு ஊசி என்று யாரும் சொல்லாததால் பாதி லயம் கதவைச் சாத்திக்கொண்டது.

லயத்தின் முதல் வீட்டில் இருந்தவர் பியூன் அண்ணன். பங்கீட்டு அலுவலகத்தில் பியூன். ஒல்லியான மனிதர். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். தமிழிலும் சொல்ல வேண்டும் என்று அவர் தனக்குத் தெரிந்த நாலு ஜப்பான் வார்த்தையை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் கேட்டார். ஓங்கி ஓர் அறை விழுந்தது. மறு வாரமும் போய்க் கேட்டார். இந்த ஆள் விடமாட்டான் என்று தோன்றியதோ என்னவோ, நீயே சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் கன்னம் வீங்கியபடியே மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அவர் அந்தக் குழலைச் செய்தார்.

அதற்குப் பிறகு எங்கள் லயத்தின் முகமே மாறிப்போனது என்றால் அது மிகையில்லை. "அம்மாமாரே, ஐயாமாரே! நாளைக்குக் காலையில அரிசி போடுறாங்க. பை எடுத்துக்கிட்டு வெள்ளனே வந்திருங்க. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வராதீங்க, கூட்டத்துல மிதிபட்டுரும்!" என்று வீடு வீடாக நின்று சொல்வார். அதிகாரி சொல்லாத கடைசி வாக்கியத்தை அவரே சேர்த்துக்கொள்வார். ஊசி எதற்கு என்று சொன்னார். எல்லோரும் கையை நீட்டினோம். எங்கள் வாசலுக்கு வரும்போது அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். அம்மா எனாமல் குவளையில் தண்ணீர் கொடுப்பாள். அண்ணாந்து, உதட்டில் படாமல், கடகடவென்று குடித்துவிட்டு, "வர்றேம்மா" என்று அடுத்த வாசலுக்குப் போவார். குடும்பம் உள்ள வீடுகளில் எல்லாம் யாராவது ஒருவர் குவளையோடு நிற்பார்கள். அவருக்கு நாங்கள் செய்த மரியாதை அதுதான். வேறு என்ன இருந்தது எங்களிடம்?

ஒரு நாள் அதே குழல் சயாமுக்கு ஆள் கூப்பிட்டது. ரயில்பாதை போட வேண்டும், கூலி உண்டு, அரிசி உண்டு, சில மாதங்களில் திரும்பிவிடலாம். அலுவலகத்தில் அவரிடம் சொன்னதை அவர் நம்பினார். அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். அரிசி என்று அவர் சொன்ன நாளெல்லாம் அரிசி கிடைத்திருக்கிறதே! பெரியப்பா ஒரு வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். "வரும்போது உனக்குப் பட்டுப்பாவாடை" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அதற்குப்பின் அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

வீட்டில் அரிசி குறையக் குறைய அப்பாவுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது. "அடுத்த தடவை கூப்புட்டா நானும் போறேன். அங்க எங்கண்ணனோட இருந்துக்கலாம். நீங்களாச்சும் வயிறாரத் தின்னுவீங்க" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த தடவையும் வந்தது. இம்முறை பியூன் அண்ணனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் நடந்தார்கள். கூடவே தமிழ் தெரிந்த ஒரு கங்காணி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு. ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்ல வழியில்லை. எங்கள் வாசலில் நின்று குழலைத் தூக்கினார். கூலி உண்டு, அரிசி உண்டு, நாளை விடியற்காலை லாரி வரும். எல்லாம் போன தடவை சொன்னதேதான். அம்மா வழக்கம்போலக் குவளையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வாசலிலிருந்து இரண்டடி பின்னால் போய் நின்றார். "குடிங்கண்ணே, தொண்டை வறண்டு கெடக்கு" என்றாள் அம்மா. அவர் அம்மாவின் முகத்தை ஒருகணம் பார்த்தார். பிறகு குழலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி நடந்தார். "வர்றேன்" என்று சொல்லவில்லை.

அம்மா குவளையோடு அப்படியே நின்றாள். அவருக்கு நம்மேல் என்ன கோபம் என்று அப்பா கேட்டார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செட்டி வீட்டு அக்கா மெதுவாகக் கேட்டாள்: "சியாப்பா மாத்தி?" யார் செத்துப்போனது என்று மலாயில் கேட்கிறாள். பியூன் அண்ணன் பேசியதில் ஒரு வார்த்தையும் அவளுக்கு விளங்கியிருக்காது. அவள் பார்த்தது அவர் நின்ற நிற்பை மட்டும்தான். சாவுச் சேதி கொண்டு வருகிறவர் வாசல் ஏறமாட்டார், அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது, போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் திரும்புவார். நம் ஆட்கள் வீட்டு வழக்கம். மொழியைத் தொலைத்த அவர்களும் அதைத் தொலைக்கவில்லை.

அம்மாவின் கையிலிருந்து குவளை விழுந்தது. பக்கத்து அறையில் பெரியம்மா அழத் தொடங்கியது எனக்குக் கேட்டது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அப்பா அன்று மாலையே வேலி தாண்டினார். செட்டி வீட்டு விறகுக் கொட்டகையில், விறகுக்குப் பின்னால் அவரை உட்காரவைத்து முன்னால் தென்னமட்டையை அடுக்கினார்கள். அன்று பியூன் அண்ணன் எந்த வாசலிலும் தண்ணீர் வாங்கவில்லை; விடியற்காலை லாரி வந்தபோது குடும்பம் உள்ள வீடுகளில் ஆண்கள் யாரும் இல்லை. ஆனால் கடைசி வரிசையில், பெண்டாட்டி பிள்ளை இல்லாத இளவட்டங்கள் சேர்ந்து தங்கியிருந்த அறைகளிலிருந்து எல்லோரும் ஏறிப்போனார்கள். ஒருவன் பாடிக்கொண்டே போனான். நல்ல குரல். அவர்களில் யாரும் திரும்பவில்லை. பெரியப்பாவும்தான்.

ஜப்பான்காரன் போனபிறகு ஒருநாள் பெரியம்மா லயத்து நடுவில் பியூன் அண்ணனை மறித்தாள். "ஓன் வாயாலதானடா எம் புருசன் போனாரு" என்று மண்ணை வாரி அவர்மேல் இறைத்தாள். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மாலையில் குழலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "வேற எதுக்காச்சும் வெச்சுக்கம்மா." அம்மா அவரிடம் கேட்டாள், எப்போது தெரிந்தது என்று. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் இரண்டாவது அறிவிப்பு நாள் காலையில்தான் சொன்னானாம், அங்கே ஆட்கள் காலராவில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று. பிறகு சொன்னார்: "கடைசி வரிசைப் பசங்க வீட்ல யாரும் தண்ணி குடுக்க மாட்டாங்களேம்மா. நா எதை வேணாம்னு சொல்றது?"

வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோதும் பங்கீடு இருந்தது. தமிழில் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அறை இல்லை, மரியாதையோடுதான். அவர் மாட்டேன் என்றுவிட்டார். மறுபடியும் மலாயில் கத்திவிட்டுப் போனார்கள், மறுபடியும் அம்மா பிந்திப் போய் வெறும் டின்னோடு திரும்பினாள். எனக்கு அவர்மேல் அப்போது ஆத்திரமாக வந்தது. பெரியம்மா சாகும்வரை அவரை மன்னிக்கவில்லை. அம்மா சாகும்வரை யாரையும் அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்லவிடவில்லை. இரண்டு பேர் நியாயத்தையும் கேட்டு வளர்ந்தவள் நான். எது சரி என்று இன்றைக்கும் தெரியவில்லை. நம் மொழியில் நாலு நல்ல வார்த்தை வேண்டும் என்று கேட்டு அடிவாங்கிய மனிதரை, அந்த மொழியைக் கொண்டே அப்படிச் செய்துவிட்டார்களே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால்தானோ என்னவோ, தமிழில் ஏதாவது அறிவிப்பு வந்தால் இந்த வயதிலும் எனக்கு முதலில் வருவது பயம். கிளினிக்கில் மருந்துத் தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தபோது மகன் சந்தோஷப்பட்டான். எங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போன மாதம் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்தது. முதலில் மலாய், அப்புறம் சீனம், அப்புறம் ஒரு பெண்ணின் குரல், தமிழில்: டெங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கப் போகிறோம், சாப்பாட்டை மூடி வையுங்கள். என் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது.

அந்தப் பெண் வேனை விட்டிறங்கி ஒவ்வொரு வாசலாக வந்தாள். பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. நான் உள்ளே போய் ஒரு குவளையில் தண்ணீர் மொண்டேன். புனல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்து கிராதிக் கதவு வழியாகக் குவளையை நீட்டினேன். அவள் வாங்குகிறாளா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாங்கினாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வர்றேம்மா" என்றாள்.