சாவியைக் கொடுத்தவன் நான்

வண்டியை ஓட்டியது நான்தான் என்று எழுதி, அடியில் என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, முதலாளியின் ஆட்கள் காகிதத்தை என் முன்னால் நீட்டினார்கள். 1996, மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. என் பெயர் ஞானராஜ். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி எஸ்தர் ஏழு மாதக் கர்ப்பிணி. "ஆண்டவரே, என்னைக் கைவிட்டுவிட்டீர்" என்று அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன்.

இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, காங்கேயம் பக்கத்து எண்ணெய் மில்லில் கொப்பரை இறக்கப் போயிருந்தோம். முதலாளியின் மகனும் கூட வந்தார். அவரைச் சின்னவர் என்போம். திரும்பும் வழியில் தாராபுரத்தில் பிராந்திக் கடை முன்னால் நிறுத்தச் சொல்லி உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார்.

"ஞானராசு, சாவியக் கொண்டா. நான் ஓட்டறேன்."

"வேண்டாமுங்க, நானே ஓட்டறனுங்க."

"குடுன்னா குடுப்பா!"

கொடுத்துவிட்டேன். ஒரு தடவை வேண்டாம் என்றேன், இரண்டாம் தடவை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வேலை கொடுப்பவரிடம் முடியாது என்று சொல்ல வாயே வராது. கிணற்றில் குதிக்கப் போகிறவரையும் பார்த்துப் போங்க என்று வழியனுப்புகிற மரியாதை எங்களுடையது. அந்த மரியாதை மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

உடுமலைக்கு முன்னால், மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு எதிரே ஓரமாக வந்த ஒருவரை டெம்போ அடித்துத் தூக்கி எறிந்தது. சின்னவர் இறங்கினார், பார்த்தார், பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். போயே போய்விட்டார்! சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களோடு சேர்ந்து அந்த மனிதரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அதனால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் டிரைவர் நான்தான்.

முதலாளிக்கு அது வசதியாகப் போயிற்று. "ஒண்ணும் பயப்படாத கண்ணு. நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிப்போடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர் வாயிலிருந்து கண்ணு என்ற சொல் அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

அன்று மதியமே பொள்ளாச்சியில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் மழுப்பாமல் சொன்னார்: "குடிச்சவன் வண்டில சும்மா உக்காந்திருந்தா மட்டும் குத்தமாகாதுங்க. ஆனா போதைன்னு தெரிஞ்சே சாவியக் குடுத்தீங்க பாருங்க, அத உடந்தைன்னு எழுதலாம். இப்ப பொய்க் கையெழுத்தும் போட்டா அது தனிக் குத்தம்."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நம் சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். ஜெபிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "சர்ச்சு கட்டறப்ப உங்க மொதலாளி கெணத்துத் தண்ணிதான உட்டாங்க? கொஞ்சம் அனுசரிச்சுப் போ தம்பி" என்றார். நம் சபைப் பத்திரிகை என்பதால் இதை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

அங்கிருந்து நேராகக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். அடிபட்டவர் பெயர் பழனிசாமி. அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள், நினைவில்லாமல் கிடந்தார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிழைப்பதே சந்தேகம் என்றார்கள். நான்தான் தூக்கி வந்தவன் என்று தெரிந்ததும் அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று ஜெபித்தேன். ஜெபம் என்றா சொல்வது, சண்டைதான் போட்டேன். அதுவரை என்னைக் காப்பாற்றும், என்னைக் காப்பாற்றும் என்றுதான் கேட்டிருந்தேன். அன்று, "என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், இந்த மனிதரை மட்டும் எழுப்பும்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பழனிசாமி கண் திறந்தார். தண்ணீர் கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பழனிசாமி மெல்லச் சொன்னார்: "வெள்ளச் சட்டக்காரருங்க ஓட்டுனது. இந்தக் காக்கிச் சட்டக்காரரு பக்கத்துல உக்காந்திருந்தாருங்க."

"தப்பிச்சய்யா, போ" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம்.

போயிருக்கலாம். ஆனால் பழனிசாமியின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஓட்டுனவரு குடிச்சிருந்தாருங்களா?"

"ஆமாங்க."

"உங்களுக்கு அது முன்னாலயே தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஆண்டவர் அவரை எழுப்பியது நான் பொய் சொல்லித் தப்பிக்கவா? "தெரியுமுங்க. சாவியே நான்தான் குடுத்தனுங்க" என்றேன். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வழக்கில் நான் இரண்டாம் குற்றவாளி. இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தேன். சின்னவருக்கு ஜெயில், என்னைக் கண்டித்து விடுவித்தார்கள். களத்து வேலை போனது. ஆனாலும் பழனிசாமி அண்ணன் உயிரோடு இருக்கிறார், என் மகள் பிறந்தபோது நான் எஸ்தர் பக்கத்தில் இருந்தேன், கர்த்தருக்கு நன்றி சொல்ல இந்த இரண்டு போதும். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

நம்பி ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். அதற்கு நானே சாட்சி. ஆனால் குடித்தவர் சாவி கேட்டால், ஏறுங்க என்று கூப்பிட்டால், அங்கே கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டு நிற்காதீர்கள். முடியாதுங்க என்று சொல்லுங்கள். மரியாதையாகவே சொல்லலாம். தாராபுரத்தில் அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால், பழனிசாமி அண்ணன் இன்றைக்கும் இரண்டு காலோடு சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார்.