ஆலங்குளத்து வெயிலில் காய்ந்த துணி

என் மனைவி பிரசவத்துக்கென்று கட்டி வைத்திருந்த பையை நான் எடுத்துக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போனேன். அவள்தான் பையை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று எங்கள் குடும்பம் நம்பியது. நம்பட்டும் என்று முப்பது வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பையை எடுத்ததை இளமை என்று சொல்லித் தள்ளிவிடலாம். பேசாமல் இருந்ததற்குச் சாக்கு எதுவும் இல்லை.

அது ஆனி மாதம். தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் வீட்டில் ஒரு துணி காயாது. கொடியில் போட்ட துண்டு நாள்கணக்கில் ஈரமாகவே தொங்கி, பிறகு ஒரு வாடை பிடிக்கும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே புதுத்துணி வாங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. முதலில் சுற்றுவது பலமுறை துவைத்து மெத்தென்றாகிப்போன பழைய வேட்டியைத்தான். நிறைமாதத்தில் என் மனைவி என் வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து, அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒவ்வொன்றாக உலர்த்தி, ரெக்சின் பை ஒன்றில் மடித்து வைத்திருந்தாள்.

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. என்னோடு படித்தவர்கள் மதுரையிலிருந்து வந்து வாசலில் நின்றார்கள். துவட்டுவதற்கு ஒரு துண்டு தேடினேன். வீட்டில் எல்லாமே ஈரம். காய்ந்த துணி இருந்த ஒரே இடம் அந்தப் பை. அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய நைட்டிகளைக் கட்டிலில் எடுத்துப் போட்டுவிட்டு, வேட்டித் துண்டுகளோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதென்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் திரும்பியதும் துவைத்து வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, குளித்து, அந்தத் துணிகளால்தான் ஐந்து பேரும் துவட்டிக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வலி எடுத்து ஆட்டோவில் கூட்டிப்போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, எண்ணெயும் ஈரமுமாக இருந்த பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மகள் பிறந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மாள் தன் சேலை முந்தானையைக் கிழித்துக் கொடுக்க, அதில்தான் பிள்ளையைச் சுற்றியிருந்தார்கள். என் அம்மாவும் அக்காவும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

“எந்தக் கிறுக்கியாவது பிள்ளை பெறப் பையில்லாம வருவாளாட்டி?” என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் மனைவி என் தலைமுடியைப் பார்த்தாள். எண்ணெய் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. வீட்டுக் கட்டிலில் கிடந்த நைட்டிகளை அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

“அவசரத்துல மறந்துட்டேன் மதினி” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெயர் வைக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் அது குடும்பத்துக் கேலியாகிவிட்டது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாலும் கோயிலுக்குக் கிளம்பினாலும் அக்கா கேட்பாள்: “ஏட்டி, பையை எடுத்தியா?” எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு சாவியைக்கூட மறந்து நான் பார்த்ததில்லை. என் அம்மா, மருமகள் ஞாபகமறதிக்காரி என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அன்று பிறந்த மகள் இப்போது தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். பெங்களூரில் வேலை. பிள்ளை தலை கீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்ததால் சிசேரியன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் கொடுத்தார். மறுபடியும் ஆனி மாதம்.

அன்று சாப்பிட்டு முடித்ததும், “பையை நான் கட்டுதேன்” என்றேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏன், அருவிக்கு யாரும் வருதாங்களா?” என்றாள்.

இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மகள் போனிலிருந்து தலை தூக்கி, “அப்பாவா? வேட்டியத் தவிர ஒண்ணும் எடுத்து வைக்க மாட்டாங்க” என்றாள்.

“அந்த வேட்டிய எடுத்து வச்சாலே போதும்” என்றாள் என் மனைவி.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். இருப்பதிலேயே நைந்த வேட்டிகளாகப் பார்த்துக் கிழித்து, வெந்நீரில் அலசி, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் காயப்போட்டேன். அங்கே சாரல் பக்கவாட்டில் வந்தது. உள்ளே ஃபேனுக்கு அடியில் போட்டேன். காய்ந்த மாதிரி இருந்தது. மோந்து பார்த்தால் பழைய வாடை. இஸ்திரி போட்டேன். வாடை சூடானதுதான் மிச்சம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒவ்வொன்றாக உலர்த்துவது என்ன பாடு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு அதை அவள் செய்திருக்கிறாள்.

கடைசியில் துணிகளைப் பிழிந்து ஒரு வாளியில் போட்டுக்கொண்டு ஆலங்குளம் பஸ் ஏறினேன். என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த ஒருவருடைய வீடு அங்கே இருக்கிறது, மொட்டைமாடி பெரியது. கண்டக்டர் வாளியை எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, தென்காசியில தண்ணிக்கா பஞ்சம்?”

“வெயிலுக்குப் பஞ்சம். பேரப்பிள்ளைக்குத் துணி காயப்போடப் போறேன்.”

“ஊரெல்லாம் சாரல் பாக்க மேக்க வருது. நீங்க வெயில் பாக்கக் கிழக்க போறீய” என்று அவர் உரக்கச் சொல்ல, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாவூர்சத்திரத்தில் இறங்க நின்ற ஓர் ஆச்சி, “பிள்ளைத்துணிய மண்ணுல விட்டுராதீரும்” என்று புத்தி சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த ஊரைத் தாண்டியதும் கண்ணாடியில் தூறல் நின்றது. ஆலங்குளத்தில் சுள்ளென்று அடித்தது வெயில். நண்பர் வீட்டு மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் துணிகளுக்குக் காவல் இருந்தேன். மடிக்கும்போது கைக்குச் சூடாக இருந்தது. எனக்கு ஏனோ பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடவும் செய்தேன், நண்பரின் மனைவி மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மற்ற சாமான்களை மகள் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி. தையலில் உரசாமல் இருக்க, அளவில் பெரிய உள்ளாடைகள். இவற்றைக் கோயில் தேர்முட்டிப் பக்கம் ஒரு கடையில் கேட்டு வாங்கியபோது, விற்ற பெண்ணைவிட எனக்குத்தான் அதிக வெட்கம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்ததும் குளிரும் என்று காலுறை, ஃபிளாஸ்க், ஸ்கேன் ஃபைல், படுத்தபடியே எட்டுவதற்கு நீளமான சார்ஜர் வயர். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறையில் போட்ட வேட்டித் துணிகள். கட்டி முடித்துப் பையைக் கூடத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் அது என் மனைவியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. இந்த முறை அதற்கு அவளே காவல்.

ஆபரேஷன் அன்று அக்கா எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். வயது எண்பதை நெருங்குகிறது. குரல் அப்படியே இருக்கிறது.

“ஏட்டி, பையை எடுத்தியா?”

நான் பையைத் தூக்கிக் காட்டினேன். “ஆமா, நீ தூக்குனாத்தான் உண்டு. அவளை நம்ப முடியுமா” என்றாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை சிரித்தார். என் மனைவியும் வழக்கம்போல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். “பிள்ளைக்குத் துணி குடுங்க.”

கொடுத்தேன். அவள் உறையைப் பிரித்துத் தொட்டுப் பார்த்தாள்.

“இந்தச் சாரல்ல எப்படி இப்படிக் காய வச்சீங்க? எல்லாரும் சொதசொதன்னு கொண்டாருதாங்க.”

“ஆலங்குளம் போய்க் காயப்போட்டேன்” என்றேன். அவள் நம்பவில்லை; சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

என் பேத்தி அந்த வேட்டியில் சுற்றப்பட்டு வெளியே வந்தாள். சிவந்த முகம், பெரிய கோபத்தோடு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. அக்கா கையில் வாங்கிக்கொண்டு, “உங்கம்மா பிறந்தப்ப ஒரு கிறுக்கி பையை மறந்துட்டு வந்தாட்டி” என்று பிள்ளையிடம் கதை சொல்லத் தொடங்கினாள்.

“அவ மறக்கலக்கா” என்றேன். “நான்தான் எடுத்துட்டுப் போனேன். அருவிக்கு. துவட்டத் துணி இல்லன்னு.”

அக்கா என்னைப் பார்த்தாள். “ஏலே, என்னலே சொல்லுத?”

முழுவதையும் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் பையை ஒளித்தது வரை. அக்கா பிள்ளையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினாள்.

“இம்புட்டு வருசமா உன்னை ஏசியிருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையேட்டி.”

“சொல்லியிருந்தா அத்தை அன்னைக்கே உங்க தம்பிய அருவியில தள்ளியிருப்பாக மதினி.”

“தள்ளியிருந்தாத்தான் என்ன, கேடு கெட்டவன” என்றாள் அக்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

மகளை வார்டுக்குக் கொண்டுவந்து, அவள் தெளிந்து பேச ஆரம்பித்ததும், அக்கா முதல் வேலையாக அவளிடம் சொன்னாள். “எண்ணெய வடிய விட்டுட்டு வந்து நிக்கான், உங்கப்பன்.” மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்கு.”

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் அன்று இரவு கேண்டீனில் காபி வாங்கிக் கொடுத்தபோது என் மனைவி சொன்னாள்: “சொல்லுறதுன்னா அத்தை உயிரோட இருக்கையிலே சொல்லியிருக்கணும்.” நான் தலையாட்டினேன். அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவள் காபியைப் பாதி குடித்து, மீதியை வழக்கம்போல் என் பக்கம் தள்ளினாள்.

இப்போது வீட்டில் கேலிக்கு ஆள் மாறிவிட்டது. நான் செருப்பைப் போட்டால் போதும், “ஏலே, யார் பையத் தூக்கிட்டுக் கிளம்புத?” என்று அக்கா போனில்கூடக் கேட்கிறாள். மாப்பிள்ளைக்கும் தைரியம் வந்துவிட்டது.

மகளும் பேத்தியும் பெங்களூருக்குத் திரும்பும்போது என் மனைவியும் கூடப் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் அவள் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே, “என் பையையும் நீங்களே கட்டிருங்க” என்றாள்.

கட்டினேன். சேலைகள், மாத்திரை, கண்ணாடி, பேத்தியின் வேட்டித் துணிகளில் நாலு. அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பையைத் திறந்து அடிவரை கைவிட்டுப் பார்த்தாள். பிறகு ஜிப்பை மூடி, கூடத்திலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.