பின்சீட் இல்லாத வண்டி

அம்மா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், தனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்றாள். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், உப்பு கேட்பது போன்ற குரலில் சொன்னாள். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா மோரை ஊற்றிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அம்மா மட்டும்தான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். குடியிருப்பு கிடர்பூரில், அலுவலகம் நடந்து போகிற தூரம். ஓட்டக் கற்றுக்கொள்ளும் அவசியம் அவருக்கு வரவே இல்லை. எங்களிடம் இருக்கும் சாம்பல் நிறச் சின்ன காரில் அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டோ வருகிறது, கைவண்டி நிற்கிறது என்று அறிவித்துக்கொண்டே, தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வருவார். அம்மா அந்த வண்டியை எடுத்த நாட்களை நினைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். மீன் வாங்க, என்னை டியூஷனில் விட, ஹவுரா ஸ்டேஷனில் யாரையாவது அழைத்து வர.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு நிபந்தனையோடு வந்தார். என்னைக் கையால் காட்டி, அம்மாவிடம் சொன்னார்: "இவ இன்ஜினியர்தான? இவ பாத்து, இது நெசமான ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லன்னு சொல்லிட்டான்னா நீ இந்தப் பேச்ச விட்டுறணும்."

அம்மா உடனே சரி என்றுவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் சாந்த்ராகாச்சி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். எது ஸ்போர்ட்ஸ் கார் என்பது அரை மணி நேரத்து வேலை என்று நினைத்தேன். போனில் ஒரு பட்டியல் தொடங்கினேன். குதிரைத்திறன் என்று முதலில் எழுதி, உடனே அடித்தேன். கல்யாண மண்டப வாசலில் வந்து நிற்கும் பெரிய எஸ்யூவிகளுக்கு அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. அடுத்து வேகம். எவ்வளவு என்ற கேள்விக்கு என்னிடமே விடை இல்லை. பின் சக்கரத்தால் ஓட வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் எங்கள் ஊர் மஞ்சள் டாக்ஸி அப்படித்தான் ஓடுகிறது, அதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதில்லை. இரண்டே இருக்கை, பின் சக்கர ஓட்டம், எடை சமமாக இருக்க எஞ்சின் வண்டியின் நடுப்பக்கம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, முழு மதிப்பெண் வாங்கித் தேறியது துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் 'சோட்டா ஹாத்தி' குட்டி லாரிதான். அதற்கு எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். சிரிக்காமல், "அதுக்குக் கதவு சரியா மூடாதுட்டி" என்றாள்.

ஒரு ஷோரூமுக்கும் போனோம். பின்னால் ஸ்போர்ட் என்று பட்டை ஒட்டிய ஒரு கார். அதே காரின் சாதாரண மாடலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். இருக்கையில் சிவப்பு நூல் தையல் என்றார் விற்பனையாளர். வேறு? பெடல்கள் அலுமினியத்தில் என்றார். ஸ்பிரிங் மாறியிருக்கிறதா என்று கேட்டதும் உள்ளே போய் யாரையோ விசாரித்து வந்து, எங்களுக்கு டீ சொன்னார்.

பிறகுதான் என் அலுவலகத் தோழி மூலம் பவானிபூரில் ஒரு வண்டி விற்பனைக்கு இருப்பது தெரியவந்தது. நாங்கள் மூவரும் பார்க்கப் போனபோது, ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், முன்பு அச்சகம் இருந்த இடத்தில், அது நின்றுகொண்டிருந்தது. நம் நாட்டிலேயே யாரோ கொஞ்ச காலம் செய்து நிறுத்திவிட்ட மாடல். நீல நிறம், துணிக் கூரை, இரண்டு இருக்கை. உரிமையாளர் அப்பா வயதுக்காரர். நாங்கள் அவரைத் தாதா என்று கூப்பிட்டோம். வங்காளியில் அண்ணன் என்று அர்த்தம், திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் கேட்டால் பயந்துபோவார்கள். அவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு. அவ்வளவு தாழ்வான வண்டியில் இனி ஏறி இறங்க முடியாது என்பதால் விற்கிறார்.

நான் குனிந்து அடியில் பார்த்தேன். முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி. எஞ்சின் ஏதோ ஒரு சாதாரணக் குடும்பக் காரிலிருந்து எடுத்தது, எங்கள் சாம்பல் காரைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உடல் தகரம்கூட இல்லை, ஃபைபர். பட்டியலில் வரிசையாகத் தப்புப் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மா கதவின் மேல் கை வைத்து நின்றாள். அவள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவது தெரிந்தது.

தாதாவிடம் இதை எதற்காக வாங்கினீர்கள் என்று வங்காளியில் கேட்டேன். கடைக்குப் போகவா, கிளப்புக்கா என்று நானே காரணங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் யோசித்தார்.

"எம்னி," என்றார்.

அப்பா வங்காளத்தில் இத்தனை வருஷம் இருந்தும் வங்காளி பேச மாட்டார். என்ன சொல்லுதாரு என்று அம்மாவைக் கேட்டார்.

"சும்மா வாங்குனாராம்" என்றாள் அம்மா.

"சும்மா யாராவது கார் வாங்குவாங்களா?"

ஓட்டிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் வந்தது. அம்மா ஓட்ட வேண்டும். தீர்ப்புச் சொல்ல நான் உடன் போக வேண்டும். தன் வண்டியைத் தெரியாதவர்களிடம் தனியாகக் கொடுக்கத் தாதாவுக்கு மனமில்லை, அவர் உட்கார மூன்றாவது இடமும் இல்லை. கடைசியில் அப்பாவை அவரிடம் விட்டுவிட்டுப் போவதாக முடிவாயிற்று. இவர் இல்லாமல் நாங்கள் ஊரை விட்டு ஓட மாட்டோம் என்று அம்மா வங்காளியில் சொல்ல, தாதா அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, போதும் என்று தலையசைத்தார்.

சந்துகளில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. பெரிய சாலையில் பேருந்தின் சக்கரம் என் தோள் உயரத்தில் சுழன்றது. டயர் எதன்மேல் ஏறினாலும், தார் ஒட்டுப்போட்ட இடமா, சாக்கடை மூடியா என்று முதுகு சொல்லிவிட்டது. எங்கள் சோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நாங்கள் செய்வதே, சாலையின் சேதி மனிதர்களை எட்டாமல் வழியிலேயே நிறுத்துவதுதான். இங்கே யாரும் எதையும் நிறுத்தவில்லை. இது குறையா, வேண்டுமென்றே விட்டதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஹேஸ்டிங்ஸ் சந்திப்பு வந்தது. ஹூக்ளி ஆற்றின் மேல் பெரிய பாலத்துக்கு ஏறும் சுற்றுப்பாதையில் அம்மா திரும்பினாள்.

அந்த வளைவில் எங்கள் சாம்பல் கார் ஒரு பக்கமாகச் சாயும். அம்மா இரண்டு முறை பிரேக் மிதிப்பாள். இப்போது மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒரே ஒரு முறை திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டாள். நான் வேகமானியை எட்டிப் பார்த்தேன். முள் நாற்பதைத் தாண்டவில்லை. எனக்கு எண்பதில் போவது போல இருந்தது. அம்மாவின் முகத்தில் அவள் பிள்ளைகளின் கணக்குப் பேப்பர் திருத்தும்போது வரும் அமைதி இருந்தது. 

"எங்கம்மா போறோம்?" என்று காற்றுக்கு மேல் கத்தினேன்.

"தெரியலயே" என்றாள். கேள்வி அவளுக்கே அப்போதுதான் தோன்றியது போல இருந்தது. பாலத்தைக் கடந்து, திரும்ப இடம் கிடைத்ததும் திருப்பினாள். அன்று அந்தப் பக்கம் எங்களுக்கு எந்த வேலையும் இல்லை.

திரும்பி வந்தபோது அப்பாவும் தாதாவும் மண்கோப்பையில் டீ குடித்துக்கொண்டு, பொதுவான மொழி இல்லாமல், இருவர் முதுகு வலியைப் பற்றியும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

"எங்கயும் இல்ல" என்றாள் அம்மா. அப்பா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லிஸ்ட்ல எத்தன தேறுச்சு?"

"பாதிகூட இல்லப்பா."

அம்மா சாவியைத் தாதாவிடம் நீட்டினாள். பேச்சு என்றால் பேச்சுதான் அவளுக்கு.

"ஆனா ஸ்போர்ட்ஸ் கார்தான்" என்றேன்.

"அதெப்படி?"

"வேற எதுக்குமே ஒதவாதுப்பா. மீன் வாங்கப் போனா பை வைக்க எடமில்ல. ஸ்டேஷனுக்குப் போனா கூட்டிட்டு வர ஆளுக்கு எடமில்ல. மழைக்கு ஆகாது. ஓட்டுறதுக்கு மட்டுந்தான் ஆகும். என் லிஸ்ட்தான் தப்பு."

இதை நான் அம்மாவுக்காகச் சொல்லவில்லை. பாலத்தின் வளைவில் நானே கண்டுகொண்டது அது. மற்றக் கார்கள் போகவேண்டிய இடத்துக்காகச் செய்யப்படுகின்றன, எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். இதில் போகிற இடத்தை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையவில்லை. இதை எந்த அளவுகோலால் அளப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தாதா என்ன பேசிக்கொள்கிறோம் என்று கேட்டார். அம்மா மொழிபெயர்த்தாள். எதற்கும் உதவாது என்ற இடத்தில் அவர் முகம் சுருங்கி, முடிக்கும்போது மலர்ந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பெயர் மாற்றும் வேலைகள் முடிந்து வண்டியை எடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை, என்னை ஏறிக்கொள்ளச் சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்தாள், பின்சீட்டில் எப்போதும் வைக்கும் கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள், வீட்டில் பார்க்கலாம் என்று சொல்லிப் புறப்பட்டாள். நேராக வீட்டுக்குப் போகிற திசையில் அவள் திரும்பவில்லை.

நானும் அப்பாவும் கிடர்பூர் பேருந்தில் ஏறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பா ரேஸ் கோர்ஸைத் தாண்டும்போது என் பக்கம் சாய்ந்தார்.

"ஏட்டி, முன் சக்கரம் இழுக்கதுக்கும் பின் சக்கரம் தள்ளுததுக்கும் என்ன வித்தியாசம்? கப்பல டக் படகு முன்னால நின்னு இழுக்கதும் பின்னால வந்து தள்ளுததும் மாதிரியா?"

எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். கிட்டத்தட்டன்னா எந்த எடத்துல வேற மாதிரி என்று கேட்டார். வளைவில் என்றேன். அவர் இரண்டு பேருடைய டிக்கெட்டையும் மடித்து முழங்கால் மேல் வைத்து, சரி, இதுதான் அந்த ரெண்டு வண்டியும், திருப்பிக் காட்டு என்றார்.