ஐந்து பேருக்கு ஒரு கை

சுத்தப்பிரதி எழுதிக் கொடுக்கிறவளை, எழுதக் கொடுத்தவரும் நம்பமாட்டார், போய்ச் சேருகிற இடத்திலும் நம்பமாட்டார்கள். பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டுத் தபால்காரனின் பையையே பார்த்துக்கொண்டு நிற்கிற என் இனத்தாரே, உங்களுக்கு இதில் பாதியாவது தெரிந்திருக்கும்.

எனக்குப் பதினேழு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது; அதற்கு மேல் அங்கே வகுப்பே இல்லை. கையெழுத்து மட்டும் மணிமணியாக வரும். ஜோகூர் பாரு ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீடு, அப்பா வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். சிங்கப்பூர் மாதப் பத்திரிகை ஒன்றில் விதி போட்டிருந்தார்கள்: மையில், தாளின் ஒரு பக்கத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதாத கதை குப்பைக்கூடைக்கு. அதனால் சுற்றுவட்டாரத்தில் கதை எழுதுகிறவர்களெல்லாம் கிறுக்கலைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலோர மேஜைக்கு வந்தார்கள். கூலியாகத் தாள் வாங்கிக்கொள்வேன். மிஞ்சுகிற தாளில் என் கதை.

அந்த மேஜைமேல் அம்மாவுக்கு ஒரு கண். தையல் மெஷின் வைக்க வேண்டுமாம். தினம் சண்டை. கடைசியில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்: "ஈஸ்டருக்குள்ள உன் கதை உன் பேரோட அச்சுல வந்தா மேஜை உனக்கு. வரலைன்னா அம்மாவுக்கு. அப்புறம் யாரும் அழக்கூடாது."

ஒற்றுத்தாள்

தெப்ராவ் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளில் வந்தார். கதையை மேஜைமேல் வைக்கவில்லை. தாள் தாளாகத்தான் தந்தார். ஒன்றை எழுதி முடித்து, அசலையும் பிரதியையும் அவர் கையில் கொடுத்தால்தான் அடுத்த தாள் வரும். மூன்று பக்கத்துக்குள் கதாநாயகி நான்கு தடவை மூர்ச்சையானாள். "இதை யார் சார் திருடப்போறாங்க?" என்று கேட்டேவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா என்னை முறைத்தாள்.

முடிந்ததும் கவரைத் தானே ஒட்டினார். ஒட்டின இடத்தின்மேல் குறுக்காகக் கையொப்பம் வேறு. தபாலில் போடும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார். எழுந்தவர், மேஜைமேல் இருந்த, ஈர மையை உறிஞ்சுகிற என் ஒற்றுத்தாளை எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அது என்னுடையது என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கண்ணாடியில பிடிச்சா முழுக் கதையும் தெரியும்மா. பிள்ளைங்களுக்கு விஞ்ஞானமும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்."

ஸ்கூடாய் டிராம்

நானும் சந்தேகப்படாதவள் இல்லை. ஸ்கூடாய்த் தோட்டத்துக் கிராணியார் ஒரு கதை கொண்டுவந்தார். இங்கிலீஷில் செக்ரோல், அதாவது கூலியாட்களின் பேர்ப்பதிவு, எழுதி எழுதித் தமிழ் எழுத்து சாய்ந்துபோய்விட்டது, அதனால்தான் என்னிடம் வந்தாராம். முதல் பக்கத்திலேயே ஸ்கூடாயில் ஒருவன் டிராமிலிருந்து குதித்து இறங்கினான். இரண்டாம் பக்கத்தில் கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றான்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஸ்கூடாயில் ஆறு இருக்கிறது, பால் வெட்டுகிற கித்தா மரம் இருக்கிறது. டிராம் எப்போது விட்டார்கள்? உள்ளே போய், துணிப்பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய மதராஸ் பத்திரிகையை உருவிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டேன். அதே ஆள், அதே சுண்டல், ஊர் மட்டும் மதராஸ். கிராணியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறவர் மாதிரி கடைசி வரி வரைக்கும் படித்தார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "எனக்குத் தோணினது இவனுக்கு முந்தியே தோணியிருக்கு. அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

ஆற்றில் இறங்கினவள்

செல்லம்மாக்கா ஒரு துரை பங்களாவில் ஆயா. பங்களாக் குழந்தைகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் வருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஒருத்தி, முன்னால் கப்பலேறிப் போன புருஷனைத் தேடிக் கைக்குழந்தையோடு இந்தக் கரைக்கு வருகிறாள். வந்து பார்த்தால் அவன் தோட்டத்துக் கூலிவீட்டு லயத்தில் வேறொருத்தியோடு குடித்தனம். இவள் குழந்தையை லயத்து வாசலில் படுக்க வைத்துவிட்டு ஆற்றில் இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை. வாத்தியாரின் மூர்ச்சை ஒன்றும் இதில் கிடையாது. அவள் சொன்னபடியே எழுதினேன், அநேகமாக.

எனக்குச் சந்தேகம். கதை சொல்கிறவர்கள் நடுநடுவே நம் முகத்தைப் பார்ப்பார்கள். இவள் என் பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அக்கா, இது நீங்கதானே?" என்றேன். அம்மா உரித்த வெங்காயத்தை அப்படியே பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். செல்லம்மாக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "கதையில அவ ஆத்துல இறங்கிட்டா பாப்பா. நான் இறங்கலையே. பிறகு அது எப்படி நானாகும்?"

தபாலாபீஸில்

மறுவாரம் கிராணியார், தோட்டத்து ஆபீஸில் நடந்ததாக வேறொரு கதை கொண்டுவந்தார். அது அவருடையதுதான், அவ்வளவு மோசமாக எழுதி வேறு யாரும் அச்சில் போட்டிருக்க முடியாது. கடைத்தெரு தையற்காரர் நிலாவைப் பற்றிப் பன்னிரண்டு பாட்டு கொடுத்தார். ஐந்தாவது என்னுடையது. வெள்ளத்தன்று தண்டவாளத்தின்மேல் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, வண்டியை விடலாமா நிறுத்தலாமா என்று நிற்கிற ஒரு பாயிண்ட்ஸ்மேனின் கதை. கீழே 'ஜே. பிலோமினா' என்று என் பெயரை எழுதிவிட்டு மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஐந்து கவரையும் ஒன்றாகக் கொண்டுபோனேன். தபாலாபீஸ் கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, அனுப்புறவை அஞ்சு பேர், எழுத்து ஒண்டு?" என்றார். முத்திரை குத்துகிறவருக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஐந்தையும் நிதானமாகக் குத்தினார். "எனக்கென்ன பிள்ளை. அங்கை திறக்கிறவனுக்கும் கண் இருக்கும்தானே."

பதில் வந்தது

கண் இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், அன்பர்களுக்குப் பதில் எழுதும் இடத்தில், இப்படி வந்தது: 'ஜோகூர் அன்பருக்கு: ஐந்து பெயர் வைத்துக்கொண்டாலும் கை ஒன்றுதானே! அதில் இரண்டு பெண் பெயர் வேறு. வேஷம் நம்மிடம் பலியாது. ஐந்தும் பிரசுரத்துக்கில்லை.'

இதுவரை கதை திரும்பி வந்தவர்கள் உண்டு. ஐந்து பேருடைய கதை ஒரே வரியில் செத்தது உங்களில் யாருக்காவது நடந்திருக்கிறதா? வாத்தியார் வந்தார். நான்தான் எல்லாம் என்னுடையது என்று சொல்லிக்கொண்டேனாம். கிராணியார் வந்தார். பிறர் எழுத்தைத் தன்னுடையது என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தது என் தப்பு. "அந்த மனுஷன் எழுதினதுல என்ன பொய்? அஞ்சும் உன் கைதானே. மைப்புட்டியை எடு, மெஷினை எந்தப் பக்கம் பார்த்து வைக்கலாம்னு அளக்கணும்."

எது உன்னுடையது

ஈஸ்டருக்கு ஆறு வாரம் இருந்தது. அப்பாவின் ரயில்வே இலவசப் பாஸில் அவரும் நானும் ரயிலேறிச் சிங்கப்பூர் போனோம். அச்சுக்கூடத்துக்கு மேல்மாடியில் பத்திராதிபர். அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "நீர்தானா அந்த ஜோகூர் அன்பர்?" என்றார். அப்பா பயந்துபோய், "நான் சம்பளத்துக்கே கைநாட்டு வைக்கிறவன் ஐயா" என்றார். நான் அவர் மேஜைமேலிருந்த பேனாவை எடுத்து, 'ஐந்து பேர் இருக்கிறார்கள், எழுத்து மட்டும் என்னுடையது' என்று எழுதிக் காட்டினேன். கை என்னுடையது என்பதை நம்பினார். ஐந்து பேர் இருப்பதை நம்பவில்லை.

"இதில ஒன்னுதான் என்னுது. எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். ஐந்தும் இருந்த காகிதக் கட்டை அவிழ்த்து, பெயர்களை நம்பாமல் எழுதினதை மட்டும் மறுபடி படித்தார். படித்துவிட்டு, ஆற்றில் இறங்கினவளை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுதான். இதில்தான் ஒரு பெண்ணின் மனசு இருக்கிறது. சரி, உன் பேரிலேயே போட்டுவிடுகிறேன்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும், மேஜை எனக்கு. தலை ஆடத்தான் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் கிராணியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தது ஞாபகம் வந்து தொலைத்தது. "அது செல்லம்மான்னு ஒரு ஆயா சொன்னது. அவங்க பேர்ல போடுங்க. என்னுது அந்த வெள்ளத்துக் கதை" என்றேன். பத்திராதிபர் வெள்ளத்துக் கதையைத் தூர வைத்துப் பார்த்தார். "இதுவா? ரயில்வேக்காரர் யாரோ எழுதினது. ஒரு பெண் பிள்ளைக்கு இவ்வளவு தண்டவாளம் எப்படித் தெரியும்?"

ஒரு வரி

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பத்திரிகை வந்தது. ஆற்றில் இறங்கினவள் கதை முழுதாக, மேலே 'செல்லம்மா' என்று பெயர். வெள்ளத்துக் கதை இல்லை. செல்லம்மாக்காவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பெயர் இருந்த இடத்தை விரலால் தொடச் சொன்னேன். தொட்டாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பத்திரிகையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "கோவிச்சுக்காத பாப்பா, இன்னும் ரெண்டு பேர்கிட்ட வாசிக்கச் சொல்லிப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் வந்தாள். தையற்காரரிடம் ஒரு தரம், மாதாகோயில் உபதேசியாரிடம் ஒரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அம்மா மேஜையைத் தன் பக்கம் இழுத்து மெஷினை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் மேஜையின் ஒரு காலைப் பிடித்துக்கொடுத்தேன். அப்பாவின் தீர்ப்புப்படி அழவில்லை. செல்லம்மாக்கா நிலைப்படியிலேயே நின்று பத்திரிகையை விரித்தாள். எழுத்துத் தெரியாதவள், சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தாள். ஆற்றங்கரையில் அவள் கண்ணீர் ஆற்று நீரோடு கலந்தது என்று இருந்தது. அது நான் சேர்த்தது. அழகாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். "ஒரு வரி கூடுதலா இருக்கு. அவ அழுதான்னு நான் சொல்லவே இல்லை. அவ அழலை, பாப்பா."

இப்போது மெஷினின் மரமூடியை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியாருக்கு ஒரு கை, கிராணியாருக்கு ஒரு கை, தையற்காரருக்கு ஒரு கை என்று கையெழுத்தை மாற்றி மாற்றி எழுதி அனுப்புகிறேன், உள்ளபடி எழுதினபோது எங்களில் ஒருவரையும் நம்பாத பத்திராதிபர் இப்போது என்னைத் தவிர எல்லோரையும் நம்புகிறார்.